சிவப்பைச் சிக்கனமாகச் செலவிடுவோம்

நம் சிறப்பிதழ்களைப் புரட்டினால் தலைப்பு சிவப்பு, பெட்டிச் செய்தி சிவப்பு, பின்னணியும் சிவப்பு. 1871இல் பாரிஸ் கம்யூனின் கொடியாகப் பறந்து, 1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் ஏற்றிய நிறம் அது. அதன்மீது நமக்குள்ள உரிமை பெரிது. ஆயினும் பக்கம் முழுதும் பூசுவதால் பற்று கூடிவிடாது.

நிறத்திற்கு நிலைத்த பொருள் கிடையாது. பெரியார் இயக்கம் கறுப்பை இழிவு எதிர்ப்பின் அடையாளமாக்கியது. அம்பேத்கர் இயக்கத்தவர் நீலத்தை உரிமையின் நிறமாக்கினர். துறவின் காவி இன்று தேர்தல் நிறமாயிற்று. அதற்காக அந்நிறத்தையே தீண்டலாகாது எனச் சில தோழர்கள் கூறுவது மிகை. தேசியக் கொடியிலுள்ள நிறத்தை எவருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

அச்சகத்தின் கணக்கு வேறு. நான்கு மைகளில் சிவப்பு என்றொரு மை இல்லை. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தே சிவப்பாகின்றன. செய்தித்தாள் காகிதத்தில் இரண்டும் மயிரிழை விலகினாலும் சிறு எழுத்து கலங்கிவிடும். மெஜந்தா குறைந்தாலோ நம் சிவப்பே காவியாகும்!

கள்ளிக்காடு, பாறசாலை எல்லைச் சிற்றூர்களை எண்ணிப் பாருங்கள். 1956 நவம்பர் 1 மாநிலச் சீரமைப்பில் கேரளத்தோடு நின்ற நெய்யாற்றின்கரை வட்டத்தில், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயின்ற தோழர் தமிழை எழுத்துக் கூட்டியே படிக்கிறார். ரப்பர் பால் வெட்டி முடித்து மாலையில் இதழை விரிக்கும் அவருக்கு வேண்டியது வெண்தாளில் கறுப்பு எழுத்து. சிவப்பு, இதழின் பெயருக்கும் முதன்மை முழக்கத்திற்கும் போதும். வரைபடங்களில் சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைப்பதும் வேண்டாம். அவற்றைப் பிரித்தறிய இயலாதோர் நம் வாசகரிடையேயும் உண்டு.