ஊர் மன்றமும் கற்றோர் கடமையும்



தேசத்தின் ஆட்சியைக் குறித்துப் பேசுவதற்கு நம் கல்லூரியில் ஒருநாளும் ஆர்வம் குன்றியதில்லை. தில்லியில் யார் ஆளவேண்டும், சென்னையில் யார் வீழவேண்டும் என்னும் வாதங்கள் விடுதியில் நள்ளிரவு வரை நிகழ்வதுண்டு. அவ்வமயம் எவரேனும் ஒருவர், "உங்கள் ஊரில் உங்கள் வார்டின் எண் யாது? அதன் அங்கத்தினர் யாவர்?" என்று வினவுவாராயின், வாதமனைத்தும் அடங்கி அமைதி நிலவும். அவ்வமைதியைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர்ச் சாலையிலுள்ள தாடிக்கொம்பு எம்மிற் சிலருக்குச் சொந்த ஊர். சௌந்தரராஜப் பெருமாள் கோயிற் சிற்பங்களைக் காண வெளியூரார் பலர் அங்கு வருகின்றனர். ஊரில் வாழ்வோருக்கோ நாடோறும் வேண்டுவன குழாயில் நீர், தெருவில் விளக்கு, அடைபடாத சாக்கடை, குப்பை சேராத குடகனாற்றங்கரை ஆகியவையே. இவற்றைக் கவனிக்கும் கடமை பேரூராட்சியினுடையது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது எம்மிற் சிலர் அபேட்சகர்களின் பெயரை வாக்குச்சாவடியிலேதான் முதன்முதலாகப் படித்தோம் என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

இதனினும் நாணத்தக்கது ஒன்றுண்டு. அதற்கு முந்திய மன்றங்களின் காலம் 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் முடிவுற்றது. இட ஒதுக்கீடு, வார்டு வரையறை ஆகியவை பற்றிய வழக்குகளாலும் வேறு தாமதங்களாலும், புதிய அங்கத்தினர் 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேதான் பதவியேற்றனர். ஒரு மன்றத்தின் முழு ஆயுளாகிய ஐந்தாண்டுக்கு மேலாக, மக்கள் தேர்ந்த ஒருவருமின்றித் தனி அலுவலர்களே ஊரை நிர்வகித்தனர். சட்டசபை ஒரு திங்கள் கூடாதிருப்பினும் கொதித்தெழும் யாம், நம் தெருவின் மன்றம் ஐந்தாண்டு இல்லாதிருந்ததை உணர்ந்தோமில்லை. பின்னரும் பாடம் கற்றோமா? நம் ஜில்லா உட்பட்ட பல ஜில்லாக்களின் கிராம ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்தபோதும், மறுதேர்தல் நடவாமல் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர்.

கல்லாதோரே வாக்கின் அருமை அறியார் என்று கூறுவோர் உளர். 2022-ஆம் ஆண்டுத் தேர்தற் கணக்கு அதனைப் பொய்யாக்குகின்றது. பேரூராட்சிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர் வாக்களித்தனர். கல்லூரிகள் நிறைந்த சென்னை மாநகராட்சியிலோ 44 பேருக்கும் குறைவு. இங்கிலாந்திலும் நிலைமை வேறன்று. 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகர மன்றங்களைச் செம்மைப்படுத்திய அந்நாட்டில், இன்று பல நகரங்களின் மன்றத் தேர்தலுக்கு வாக்காளருள் மூன்றிலொரு பங்கினர் வருவதே பெரிதாக இருக்கின்றது. ஆகவே இது கல்வியின்மையால் விளைந்த குறையன்று. அசட்டையால் விளைந்த குறையே.

"பேரூராட்சிக்குப் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை, அங்கத்தினர் என் செய்வார்?" என்று சிலர் வினவுவர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் உள்ள பணம் எத்தெருவுக்குச் செல்லும் என்பதை யாரேனும் தீர்மானித்தே தீரவேண்டும். கேட்பார் இருக்குந் தெருவுக்கு விளக்கு வரும். கேட்பாரற்ற தெரு இருளிற் கிடக்கும். வாக்குக்குக் கைப்பணம் பெறுவோர், ஐந்தாண்டுத் தண்ணீரை ஒரு நாட் செலவுக்கு விற்றவராவர். விற்ற பொருளைப் பின்னர் எவ்வாறு உரிமையோடு கேட்பது?

உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், குடும்பு எனப்பட்ட 30 பகுதிகளிலிருந்து குடவோலையால் வாரியத்தாரைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. நிலமுடைய, வேதங் கற்ற ஆடவருக்கே அவ்வுரிமை இருந்தது. உழுதவருக்கும் பெண்டிருக்கும் அதில் இடமில்லை. ஆதலின் அதனைப் பொற்காலமென்று போற்றோம். எனினும் அதிலுள்ள விதியொன்று நம் கருத்திற்குரியது: முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வுபெறத் தகுதியற்றவர். தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடாது, கணக்குக் கேட்பதும் வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர்.

இன்று வாக்குரிமை அனைவருக்கும் உண்டு. பெண்டிருக்குப் பாதி இடங்கள் சட்டப்படி உண்டு. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தால் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. குறைவது கேட்கும் வழக்கமே. தலச் சுய ஆட்சியை 1882-ஆம் ஆண்டில் ஊக்குவித்த ரிப்பன் பிரபு, அதனை நிர்வாக வசதிக்கென மட்டுமன்றி மக்களுக்குரிய அரசியற் கல்வியாகவும் கருதினார். அக்கல்வியைக் கல்லூரி மாணவரே கற்க மறுப்பின் வேறு யார் கற்பர்?

ஆதலின் மாணவர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் மூன்று செயல் செய்ம்மின். நும் வார்டின் எண்ணை அறிமின். அதன் அங்கத்தினரைக் கண்டு பேசுமின். ஆண்டு வரவு செலவுக் கணக்கை ஒருமுறையேனும் கேட்டுப் படிமின். கிராமத்தாராயின், நும் மன்றத்துக்குத் தேர்தல் எந்நாள் என்று கேண்மின். நகர மன்றங்களின் ஐந்தாண்டுக் காலவரை 2027-ஆம் ஆண்டுடன் முடிவது. அந்நாளில் யாமும் நீங்களும் முன்போல உறங்கிக் கிடப்பின், நம் ஊர் இருளில் இருப்பதற்குப் பிறரைக் குறை கூறும் தகுதி நமக்கு இராது.