‘வந்தவர்கள்’ என்று எத்தனை காலம் சொல்வோம்?



முஹர்ரம் பிறந்துவிட்டால் நம் பள்ளிவாசல்களில் ஹிஜ்ரத்தைப் பற்றிய பயான் தொடங்கிவிடும். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்சாரிகள் அரவணைத்த வரலாற்றை ஆலிம்கள் உருக்கமாகச் சொல்வார்கள். நாமும் கண்கலங்கிக் கேட்போம். நானும் இருபது ஆண்டுகளாக அந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தி வருகிறேன். ஆனால், பயான் முடிந்து வெளியே வருகையில், நம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஏழைக் குடும்பத்திற்கு முதலில் ஸலாம் சொல்பவர் நம்மில் எத்தனை பேர்? மதீனாவின் வரலாற்றுக்கு அழும் நம் கண்கள், பக்கத்து வீட்டுக்கு ஏன் வறண்டு போகின்றன?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் குடும்பம், எந்த ஜமாஅத் என்பது வேண்டாம்.

செங்கோட்டைக்கு மேற்கே மலை ஏறினால் கேரளம். 1904 முதல் கொல்லத்துக்கு ரயில் ஓடிய ஊர் இது. 1956 நவம்பர் 1 வரை நம் செங்கோட்டையே மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது. பிழைப்புக்காகக் கணவாயைக் கடப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். அப்படிச் சென்று தேநீர்க்கடையில் பல ஆண்டுகள் உழைத்த ஒருவர், முதுகுத்தண்டு நோயால் வேலை இழந்து, மனைவி, இரு பிள்ளைகள், முதிய தாய் ஆகியோருடன் திரும்பி வந்தார். மனைவியின் அண்ணன் இங்கே வசதியாக வாழ்பவர். வீட்டின் பின்கட்டில் விறகு அடுக்கியிருந்த தகரக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். அந்த உதவியை நான் குறைத்துப் பேசமாட்டேன். அல்லாஹ் அதற்கு நற்கூலி வழங்குவானாக.

மூன்றாம் மாதம் அந்த வீட்டில் ஒரு திருமணம். உறவினர்கள் பந்தலில் அமர்ந்திருக்க, தங்கையும் அவர் பிள்ளைகளும் பின்புறத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். “அவர்கள் யார்?” என்று சம்பந்தி வீட்டார் கேட்டபோது, “வேலைக்கு வந்தவர்கள்” என்று பதில் கிடைத்தது. சொன்னவர் கூடப் பிறந்த அண்ணன். இதை எனக்குச் சொன்னது என் மக்தபில் ஓதிக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்துப் பத்து வயதுச் சிறுமி.

“ஹஜ்ரத், எங்க மாமா எங்களை வேலைக்கு வந்தவங்கன்னு சொன்னாங்க. அது பொய்தானே? பொய் சொன்னா பாவம்னு நீங்கதானே சொன்னீங்க?”

அந்தப் பிள்ளைக்கு அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

அதே ஆண்டில் அந்த முதியவர் வஃபாத்தானார். ஸுப்ஹுக்குப் பின் உயிர் பிரிந்தது. அவரை அடக்கம் செய்ய அனுமதி கேட்டுச் சென்றபோது, “இவர்கள் எந்த ஜமாஅத்? இங்கே சந்தா கட்டியிருக்கிறார்களா? முன்பிருந்த மஹல்லாவின் கடிதம் எங்கே?” என்று நிர்வாகத்தினர் கேட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் தொலைபேசியில் பேசி, கடிதத்தின் படம் கைப்பேசியில் வந்து சேர்வதற்குள் லுஹர் கழிந்தது, அஸர் கழிந்தது. மையித் மஃரிபுக்குப் பின்னரே மையவாடிக்குச் சென்றது. ஜனாஸாவை விரைவுபடுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பதை அங்கிருந்த அனைவரும் அறிவார்கள். நானும் அறிவேன். மெல்லிய குரலில் ஒருமுறை நினைவூட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன். நிர்வாகத்தினரிடம் சம்பளம் வாங்குபவன் என்ற அச்சம் என் நாவைக் கட்டியது. ஆகவே இங்கே சொல்லப்படும் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

அந்தக் குடும்பத்துக்குத் தங்க இடம் கிடைத்தது. ரமளானில் நோன்புக் கஞ்சி கிடைத்தது. பெருநாளில் ஃபித்ரா அரிசி கிடைத்தது. கிடைக்காதவை மூன்று: உறவு என்ற பெயர், ஜமாஅத்தின் ஏட்டில் ஒரு வரி, மையவாடியில் கேள்வியின்றி ஆறடி மண். செலவாகும் பொருளை நாம் கொடுத்துவிட்டோம். ஒரு காசும் செலவில்லாத மதிப்பை மறுத்துவிட்டோம். நம் சமுதாயத்தின் நோய் இதுதான். ஏழையைப் போஷிக்க நமக்குத் தெரிகிறது. நம்மில் ஒருவராக எண்ணத்தான் மனம் வரவில்லை.

இதைச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள், நம் முன்னோரின் கதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும். கடையநல்லூரிலும் தென்காசியிலும் தறி நெய்து பிழைத்த முஸ்லிம் குடும்பங்கள் வறுமையினால் கடல் கடந்து சிங்கப்பூருக்குச் சென்றன. பிற ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டும் சென்றபோது, இவர்கள் பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினார்கள். அங்கே நம் பெண்கள் மசாலா இடித்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. 1946-இல் அந்தச் சங்கம் உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியையே நிறுவியது. அந்நிய மண்ணில் ஏழையாக வந்து இறங்குபவனுக்குச் சோறு மட்டும் போதாது, தன்னைச் சேர்த்துக்கொள்ளும் ஓர் அமைப்பும் வேண்டும் என்பதை நம் முன்னோர் பட்டு உணர்ந்திருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம், கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து திரும்பும் சொந்த இரத்தத்திடம் கடிதம் கேட்கிறோம்.

கடலுக்கு அப்பால் நம் மொழி பேசும் இன்னொரு முஸ்லிம் சமூகத்தின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். வீடு, கடை, நகை அனைத்தையும் விட்டுவிட்டு, கையில் சில நூறு ரூபாயுடன் வெளியேறிய அந்த மக்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தார்கள். புத்தளத்து மக்களும் செல்வந்தர்கள் அல்லர். ஆயினும் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள், உணவளித்தார்கள், ஓலைக் குடிசை போடத் தங்கள் நிலத்தைக் கொடுத்தவர்களும் உண்டு. அது வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கப்பட வேண்டிய விருந்தோம்பல்.

ஆனால் ஆண்டுகள் உருண்டன. தண்ணீருக்கும், கூலி வேலைக்கும், பள்ளிக்கூட இடத்துக்கும் போட்டி வந்தது. ஒரு வறிய மாவட்டத்தின் தோளில் அவ்வளவு பெரிய சுமையை ஏற்றிய அரசு, போதிய கைகொடுக்கவில்லை. ‘அகதி’ என்ற சொல் அம்மக்களின் மீது ஒட்டிக்கொண்டது. புத்தளத்திலேயே பிறந்து, யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகளும் அகதி என்றே அழைக்கப்பட்டார்கள். 2009-இல் போர் முடிந்து சொந்த ஊருக்குத் திரும்பியவர்களுக்கோ அங்கேயும் முழு இடம் கிடைக்கவில்லை. புத்தளத்தாரைப் பழிப்பது என் நோக்கமன்று. அவர்கள் செய்த உதவியில் பத்தில் ஒரு பங்கை நாம் செய்ததில்லை. அத்தனை தாராள மனம் படைத்த ஊரிலேயே ஒரு சொல் இருபது ஆண்டுகள் நீங்காமல் நின்றதென்றால், நம் ஊர்களில் ‘வந்தவர்கள்’ என்ற சொல் எத்தனை நெஞ்சங்களை அறுத்துக்கொண்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது மதீனாவுக்கு வருவோம். 622-ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களுக்காக நன்கொடை திரட்டியதோடு நின்றுவிடவில்லை. இன்னாருக்கு இன்னார் சகோதரர் என்று பெயர் சொல்லி இணைத்தார்கள். தொடக்கத்தில் அந்தச் சகோதரர்கள் ஒருவருக்கொருவர் வாரிசாகும் அளவுக்கு அந்த உறவு உறுதியாக இருந்தது. பின்னரே வாரிசுரிமை இரத்த உறவுக்கு உரியதாக்கப்பட்டது. ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று விரைவிலேயே சொந்தக் காலில் நின்றார்கள். அன்சாரிகள் தங்கள் பேரீச்ச மரங்களைப் பங்கிட்டுத் தர விரும்பியபோது நபியவர்கள் அதை ஏற்கவில்லை. முஹாஜிர்கள் தோட்டத்தில் உழைத்து விளைச்சலில் பங்கு பெறும் ஏற்பாடே அமைந்தது. கைபர் வெற்றிக்குப் பின் முஹாஜிர்கள், பயன்பெறுவதற்காகத் தங்களிடம் கொடுக்கப்பட்டிருந்த மரங்களை அன்சாரிகளிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

இங்கே கொடுத்தவர் மேலே, பெற்றவர் கீழே என்ற நிலை எங்கே இருக்கிறது? முதலில் உறவு அளிக்கப்பட்டது; பிறகு உழைக்க வழி காட்டப்பட்டது. கண்ணியம் காக்கப்பட்டவர்கள் கடனையும் கண்ணியமாகத் தீர்த்தார்கள்.

“ஏழை உறவுக்கு இடம் கொடுத்தால் அதுவே பழகிவிடும்” என்பார்கள் சிலர். உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் கொடுப்பதை அல்குர்ஆன் (17:26) ‘ஹக்கு’ என்கிறது. ஹக்கு என்றால் உரிமை. உரிமையைக் கொடுப்பவன் உபகாரியின் தோரணையில் நிற்க முடியாது. செல்வந்தர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா விருந்தே விருந்துகளில் கெட்டது என்ற ஹதீஸை, திருமண அழைப்பிதழ் எழுதும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டும்.

“சந்தா கட்டாதவருக்கும் இடம் கொடுத்தால் ஜமாஅத்தின் ஒழுங்கு குலைந்துவிடும்” என்பது நிர்வாகிகளின் வாதம். கடன்பட்டவரின் ஜனாஸாவுக்குத் தொழுவிக்க நபியவர்களே தயங்கினார்கள் என்று ஆதாரமும் காட்டுவார்கள். அந்த ஹதீஸின் பின்பகுதியையும் படியுங்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் எழுந்து, அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு என்றார்கள். உடனே தொழுகை நடந்தது. அன்று அந்த வாசலில் அத்தனை பேர் நின்றோமே, நம்மில் ஓர் அபூ கதாதா எழவில்லையே! பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஓர் ஏழை இறந்ததைத் தமக்கு அறிவிக்காமல் அடக்கிவிட்டதற்காக நபியவர்கள் வருந்தி, கப்ருக்கே சென்று தொழுதார்கள். எளியவரின் மையித்தை அவர்கள் மதித்த அளவு அது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இது. குடிவந்த முதல் மாதத்திலேயே அந்தக் குடும்பத்தின் பெயரை ஏட்டில் எழுதுங்கள். வசதி வரும்வரை சந்தாவைத் தள்ளுபடி செய்யுங்கள். நிக்காஹுக்குக் கடிதம் கேட்பதில் நியாயம் உண்டு. முந்தைய திருமணம் பற்றி அறிய வேண்டும். கஃபனுக்குக் கடிதம் கேட்பதில் என்ன நியாயம்? வாடகை வீட்டுக்கு முன்பணம் இல்லாதவருக்கு ஜமாஅத் பொறுப்பேற்கட்டும். வேலை தேடுபவருக்குச் சந்தைக்கு வழி காட்டுங்கள். வழிப்போக்கரும் ஜகாத் பெறும் எட்டு வகையினருள் ஒருவர் என்பதை மறவாதீர்கள்.

உறவினர்களே, ஏழை உறவுக்குக் கொடுப்பதில் இரு நன்மைகள் உண்டு என்று அறிவீர்கள்: தர்மத்தின் நன்மை ஒன்று, உறவைச் சேர்ந்து வாழ்வதன் நன்மை ஒன்று. தங்கையை வேலைக்காரி என்று சொன்ன நாவு, இரண்டாவதை அந்த நொடியிலேயே இழந்துவிட்டது.

அந்தச் சிறுமி இப்போது எங்கள் ஊரில் இல்லை. தாயார் அடக்கப்பட்ட சில மாதங்களில் அந்தக் குடும்பம் வேறெங்கோ பிழைக்கச் சென்றுவிட்டது. அவள் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன்: ஆம் மகளே, அது பொய்தான். உன் மாமா சொன்னதும் பொய். நீங்கள் எங்கள் ஜமாஅத் இல்லை என்று ஏட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னதும் பொய். அவற்றைக் கேட்டுக்கொண்டு நின்ற என் மௌனமும் பொய்.

அவளைப் போன்ற இன்னொரு பிள்ளை நாளை நம் மக்தபின் வாசலில் வந்து நிற்கும்போது, அவளிடம் அதே பொய்யைச் சொல்லாதிருக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.