"உன்னுடையது" என்று சொல்லுமுன்



சென்ற மாதம் ஓர் ஞாயிறு ஆராதனைக்குப் பின், நம் சபையின் சகோதரர் ஒருவர் தேநீர்க் கோப்பையோடு என்னைத் தனியே அழைத்துச் சென்றார். "ஐயா, ஒரு காரியம் கேட்கவேண்டும், சிரிக்கக்கூடாது" என்றார். ஏழு வயதான தம் மகளுக்கு ஒரு போனி, நம் வழக்கில் சொன்னால் ஒரு மட்டக்குதிரை, வாங்கிக் கொடுக்கும் காலம் வந்துவிட்டதா என்பதே அவர் கேள்வி.

நான் சிரிக்கவில்லை. அந்தக் குடும்பம் கிழக்கு லண்டனை விட்டுக் கென்ட் பகுதியிலுள்ள ஒரு கிராமத்திற்குக் குடிபெயர்ந்த கதை எனக்குத் தெரியும். மனைவிக்கு அங்கே மருத்துவமனை வேலை. பள்ளியையும் தோழிகளையும் பிரிய மாட்டேன் என்று பிள்ளை அழுதபோது, அவளைத் தேற்றும் அவசரத்தில் தகப்பன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: "அங்கே போனதும் உனக்கென்று ஒரு போனி வாங்கித் தருவேன்." இரண்டு ஆண்டுகளாக அவள் அதை மறக்கவில்லை. இப்போது அண்டை வீட்டார் தங்கள் ஷெட்லாண்ட் போனியை விற்கிறார்கள். அவர்கள் பிள்ளை வளர்ந்துவிட்டாள், விலையும் குறைவு. "ஆணையிட்டதில் நஷ்டம் வந்தாலும் தவறாதவனைப் பற்றி 15-ஆம் சங்கீதத்திலிருந்து நீங்கள்தானே பிரசங்கித்தீர்கள்?" என்று அவர் கேட்டபோது, என் பிரசங்கமே என்னை மடக்கியது. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

எத்தனை வயதில் வாங்கலாம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நான்கைந்து வயதுப் பிள்ளைகளையே ஏற்றிப் பழக்கும் குதிரையேற்றப் பள்ளிகள் இந்நாட்டில் உண்டு. ஆகவே சேணத்தில் உட்காரும் வயது ஒரு பெரிய கேள்வியே அல்ல. ஏறிச் சவாரி செய்வது வாரத்தில் சில மணி நேரம். மிருகமோ ஏழு நாளும் உயிரோடிருக்கிறது.

ஷெட்லாண்ட் போனி 42 அங்குல உயரத்தைத் தாண்டாது. பார்ப்பதற்குப் பொம்மைபோல் இருக்கும். ஆனால் நன்றாகப் பராமரித்தால் முப்பது ஆண்டுகளும் வாழக்கூடியது. இன்று ஏழு வயதான பிள்ளை பல்கலைக்கழகம் சென்று, திருமணமும் செய்து, வேறு ஊரில் குடியிருக்கும்போதும் அது யாரோ ஒருவர் கையை எதிர்பார்த்து வேலியருகே நிற்கும். ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை ஆள் வந்து குளம்பைச் சீவவேண்டும். ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் மேய்ச்சல் நிலம் வேண்டும் என்பது இங்கே பொதுவான கணக்கு. குளிர்காலக் காலையில் தொட்டியில் உறைந்த பனிக்கட்டியை உடைத்தால்தான் அதற்குத் தண்ணீர். வசந்தகாலத்துச் செழித்த புல்லோ, ஏழை வயலில் பிழைத்துப் பழகிய இந்தச் சிறு இனத்திற்கு ஆபத்து: அதிகம் தின்றால் குளம்பினுள் அழற்சி கண்டு, அடியெடுத்து வைக்க முடியாத வேதனையில் நிற்கும். அன்பினால் அள்ளிக் கொடுப்பதே அதைக் கொல்லலாம். மேலும் அது மந்தையில் வாழும் பிராணி. தன் இனத்துணை இல்லாமல் ஒற்றையாய் வயலில் விடப்பட்டால் ஏங்கிப்போகும். ஆகவே ஒன்றை வாங்குகிறவர் உண்மையில் இரண்டைப் பற்றி யோசிக்கவேண்டும்.

இந்நாட்டின் 2006-ஆம் ஆண்டு மிருக நலச் சட்டம் ஒன்று சொல்கிறது. பதினாறு வயதுக்குட்பட்டவருக்கு மிருகத்தை விற்கக்கூடாது. பிள்ளையின் பொறுப்பிலுள்ள மிருகத்திற்கு அந்தப் பிள்ளையை வளர்க்கிறவரே பொறுப்பாளியாகக் கருதப்படுவார். வேறு விதமாகச் சொன்னால், நாம் பிள்ளையிடம் என்ன சொல்லிக் கொடுத்தாலும், சட்டத்தின் முன் அந்தப் போனி அப்பாவுடையது. இதைச் சகோதரரிடம் சொன்னபோது அவர் சற்று அமைதியானார்.

எனக்கும் ஒருகாலத்தில் ஒரு மிருகம் சொந்தமாயிருந்தது, அல்லது அப்படி நினைத்திருந்தேன். எங்கள் பனங்காட்டு ஊரில் எனக்கு எட்டு வயதிருக்கையில் அத்தை ஒரு வெள்ளாட்டுக்குட்டியைக் கொண்டுவந்து, "இது உன்னுடையது" என்று என் கையில் கயிற்றைக் கொடுத்தார்கள். வேப்பங்குழை ஒடித்துப் போட்டேன், கருவேல நெற்றுப் பொறுக்கினேன், இரவில் என் பாயருகே கட்டிக்கொண்டேன். ஏழையின் ஆட்டுக்குட்டி அவன் பிள்ளைகளோடு வளர்ந்து அவன் பாத்திரத்திலே குடித்ததாக நாத்தான் தாவீதிடம் சொன்ன உவமையை இறையியல் கல்லூரியில் படித்தபோது, விளக்கவுரை எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்மஸுக்கு அதை அறுத்தார்கள். ஆடு வளர்க்கும் வீட்டில் அது நடப்பதுதான். அதற்காக நான் என் பெரியவர்களைக் குற்றஞ்சாட்டவில்லை. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மனதில் நிற்கிறது. ஆடு வீட்டுடையது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அதைக் குறைவாய் நேசித்திருக்கமாட்டேன்.

வேதம் மிருகத்தை உடைமையாக மட்டும் பார்க்கவில்லை. ஓய்வுநாள் கட்டளையில் மாடும் கழுதையும் வீட்டாரோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. நீதிமொழிகள் 12-ஆம் அதிகாரம் நீதிமானை அடையாளங்காட்டும்போது, தன் மிருகத்தின் உயிரைக் குறித்த அவனுடைய கரிசனையைச் சொல்கிறது. எண்ணாகமம் 22-இல் பிலேயாமின் கழுதையை நினைத்துப் பாருங்கள். மூன்றுமுறை விலகியது, மூன்றுமுறையும் அடிவாங்கியது. தீர்க்கதரிசிக்குத் தெரியாத கர்த்தருடைய தூதன் அதன் கண்ணுக்குத் தெரிந்தான். குதிரை வளர்ப்பவர்களிடம் கேளுங்கள்: பிள்ளையை ஏற்றிக்கொள்ள மறுத்து நிற்கும் போனியைப் பலர் பிடிவாதம் பிடித்ததென்பார்கள், பார்த்தால் சேணம் சரியாகப் பொருந்தாமல் முதுகு நொந்திருக்கும், அல்லது பல்லில் கோளாறு இருக்கும். அதை விசாரிக்கும் பொறுமை ஏழு வயதுக்காரிக்கு இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. இரவுப்பணி முடித்து வரும் தகப்பனுக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே என் கருத்து இது. மகளுக்கு ஆசை அடங்கிவிட்டாலும் நாங்களே இந்த மிருகத்தை அதன் கடைசி நாள்வரை வைத்துக் காப்போம் என்று பெற்றோர் இருவரும் மனதாரச் சொல்லக்கூடிய நாளே வாங்கவேண்டிய நாள். அந்த நாள் வராவிட்டால் வாங்கவேண்டாம்.

என் மனைவி இதில் என்னோடு முற்றும் உடன்படவில்லை. "எல்லாம் ஆயத்தமான பிறகுதான் என்றால் உலகில் யாரும் பிள்ளையே பெறமாட்டார்கள், கையில் கொடுத்தால்தான் பொறுப்பு வரும்" என்கிறாள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பொறுப்பைக் கற்பிக்கும் பாடப்புத்தகமாக ஓர் உயிரைக் கொடுத்து, பாடம் தோற்றால் விற்றுவிடலாம் என்று எண்ணுவது எனக்கு ஒப்பவில்லை.

கொடுத்த வாக்கு? அதை மறுதலிக்கச் சொல்லவில்லை. நம் ஆண்டவர் எருசலேமுக்குள் பிரவேசித்தபோது ஏறிவந்த குட்டி அவருக்குச் சொந்தமானதல்ல. மற்றொருவர் வாசலில் கட்டியிருந்ததைக் கேட்டு வாங்கினார்கள். இங்கேயும் வேறொருவருடைய போனியை வாரத்தில் சில நாள் பராமரித்து, ஏறிப் பழகும் வழக்கம் உண்டு. அந்தச் சகோதரரிடம் நான் சொன்னது, பிள்ளையை உட்காரவைத்து "நான் அவசரத்தில் பெரிய வார்த்தை சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்" என்று முதலில் சொல்லுங்கள், பிறகு இந்த வழியைச் சொல்லுங்கள் என்பதே. தகப்பன்மார் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் சமுதாயத்தில் எளிதல்ல. அவர் கேட்டார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்த ஷெட்லாண்ட் போனியை, ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரர் வாங்கினார். சனிக்கிழமைதோறும் காலையில் தகப்பனும் மகளும் அங்கே போகிறார்கள். முதல் நான்கு வாரம் லத்தி அள்ளுவதும், தண்ணீர் சுமப்பதும், ரோமத்தைத் தேய்ப்பதும்தான். ஏறுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. கடந்த ஞாயிறு அவள் என்னிடம் ஓடிவந்து, மண்வாரி பிடித்துக் கொப்புளம் போட்ட உள்ளங்கையைக் காட்டினாள். "பாஸ்டர் அங்கிள், அதற்கு எந்தக் காதுக்குப் பின்னால் சொறிந்தால் பிடிக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்" என்றாள்.

வலது காது என்றேன். தவறாம்.