அந்த மின்னஞ்சல்கள் குப்பையல்ல

“முடிவான ஆவணம்தான் இருக்கிறதே, அதற்கு முன் ஊழியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டதெல்லாம் எதற்கு?” அரசு அலுவலகங்களில் மட்டுமல்ல, படித்தவர்கள் கூடும் இடங்களிலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். ஆணையைக் காப்பாற்றினால் போதும், மின்னஞ்சலை அழித்துவிடலாம் என்பது பொதுப்புத்தி. பேச்சு ஒரு வலைத்தளத்தை மாற்றி அமைப்பது பற்றியது என்றால் கேட்கவே வேண்டாம். எந்தப் படம் மேலே, எந்த இணைப்பு கீழே என்று இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த வாதத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்பார்கள். இந்த நம்பிக்கை தவறானது. அதைவிட, ஆள்பவர்களுக்கு மிகவும் வசதியானது.

அமெரிக்க வெள்ளை மாளிகையின் முதல் வலைத்தளம் 1994 அக்டோபரில் கிளின்டன் ஆட்சியில் திறக்கப்பட்டது. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த காலம். 14.4 கிலோபிட் மோடத்தில் 50 கிலோபைட் படம் ஒன்று இறங்கி முடிய ஏறக்குறைய அரை நிமிடம் பிடிக்கும். முகப்பில் படம் வைப்பதா, வெறும் எழுத்தில் ஒரு பதிப்பும் தருவதா என்பது அன்று அழகைப் பற்றிய கேள்வி அல்ல. வேகமான இணைப்புக்குப் பணம் கட்ட முடியாதவன் தன் அரசின் பக்கத்தைப் படிக்க முடியுமா என்ற கேள்வி. பார்வையற்றவருக்கும் அப்படித்தான். படத்துக்குப் பின்னால் விளக்க வரி இல்லையென்றால் அவருடைய திரைவாசிப்பான் ஊமையாகிவிடும். கூட்டாட்சி அரசின் தளங்கள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது 1998ல்தான். அதற்கு முன் அந்த ஒரு வரியைப் போடுவதும் விடுவதும் தளத்தைக் கட்டிய ஊழியர்கள் கையில் இருந்தது.

அந்தத் தளம் பலமுறை மாற்றி அமைக்கப்பட்டது. அதன் ஐந்து நிலைகளை அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகம் அப்படியே வைத்திருக்கிறது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்தால் என்ன மாறியது என்று தெரியும். யார் மாற்றச் சொன்னார், யார் மறுத்தார், எந்த யோசனை கைவிடப்பட்டது என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஊழியர்களின் மின்னஞ்சலைத்தான் புரட்ட வேண்டும். கிளின்டன் எட்டு ஆண்டுகளில் தாமே அனுப்பியதாகச் சொல்லப்படும் மின்னஞ்சல்கள் இரண்டே இரண்டு. ஒன்று 1998ல் விண்வெளியில் இருந்த ஜான் கிளெனுக்குப் போனது. ஊழியர்கள் எழுதியவையோ கோடிக்கணக்கில். ஆட்சியின் அன்றாடம் அங்கேதான் இருக்கிறது.

வடிவமைப்பு அற்ப விஷயம் என்பவர்கள் 2000 ஜூனில் நடந்ததைப் பார்க்கட்டும். வெள்ளை மாளிகையின் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அலுவலகம் இணையத்தில் விளம்பரம் செய்தது. அதைச் சொடுக்கித் தளத்துக்கு வந்தவர்களின் கணினியில், ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியே ‘குக்கி’ என்னும் சிறு கோப்பு வைக்கப்பட்டது தெரியவந்தது. போதைப்பழக்கத்தைப் பற்றிப் படிக்க வந்தவரை அரசு பின்தொடர்கிறது என்றால் அது சாதாரணமா? அதே மாதம், கூட்டாட்சித் தளங்கள் பொதுவாகக் குக்கி வைக்கக் கூடாது என்று நிதிநிலை அலுவலகம் ஆணையிட்டது. அந்த ஆணை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. ஆனால் குக்கி வைக்க யார் ஒப்புக்கொண்டது, யாராவது எச்சரித்தார்களா என்று கேட்டால் ஆணை பதில் சொல்லாது.

“அச்செடுத்துக் கோப்பில் வைத்தால் போதாதா?” என்பது அடுத்த வாதம். இதை அமெரிக்க அரசே நீதிமன்றத்தில் சொல்லித் தோற்றது. 1986 நவம்பரில், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற ஈரான்-கான்ட்ரா ஊழல் வெளிவரும் வேளையில், ரீகனின் வெள்ளை மாளிகை அதிகாரிகளான ஆலிவர் நார்த்தும் ஜான் பாயின்டெக்ஸ்டரும் தங்கள் கணினிக் கடிதங்களை ஆயிரக்கணக்கில் அழித்தார்கள். காப்புநாடாக்களில் இருந்த பிரதிகள்தான் விசாரணைக்குக் கைகொடுத்தன. 1989 ஜனவரியில் ரீகனின் பதவிக்காலம் முடியும் தறுவாயில் அந்த நாடாக்களும் அழியவிருந்தன. பத்திரிகையாளர் ஸ்காட் ஆம்ஸ்ட்ராங்கும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்துத் தடுத்தார்கள். 1993ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அச்சுப் பிரதி மூலத்துக்கு ஈடாகாது என்று தீர்ப்பளித்தது. காரணம் மிக எளிது. காகிதத்தில் பெறுநர் பட்டியலின் பெயர் மட்டும் இருக்கும், பட்டியலுக்குள் யார் யார் என்பது இருக்காது. கடிதம் எப்போது கிடைத்தது என்ற ஒப்புகையும் அச்சில் வராது. “எனக்குத் தெரியாது” என்று பின்னாளில் ஓர் அதிகாரி சொன்னால், அது பொய்யா மெய்யா என்று காட்ட வேண்டிய தடயங்களே விட்டுப்போயிருக்கும்.

எல்லாவற்றையும் காப்பாற்றுவோம் என்றால் ஊழியர்கள் மனம்விட்டு எழுதமாட்டார்கள் என்ற அச்சத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1978ல் இயற்றப்பட்ட குடியரசுத் தலைவர் ஆவணச் சட்டம், அந்தரங்க ஆலோசனைகளைப் பதவிக்காலம் முடிந்து 12 ஆண்டுகள் வரை மூடிவைக்க இடம் தருகிறது. மூடிவைத்ததைப் பிறகு திறக்கலாம், அழித்ததைத் திறக்க முடியாது. 2010ல் எலினா கேகன் உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு முன்மொழியப்பட்டபோது, அவர் கிளின்டனின் வெள்ளை மாளிகையில் பணியாற்றிய காலத்து மின்னஞ்சல்கள் வெளியிடப்பட்டன. மக்கள் படித்தார்கள், செனட் படித்தது, அவர் நீதிபதியானார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மறுபக்கம் இளைய புஷ் ஆட்சியில் முறையாகச் சேமிக்கப்படாத சுமார் 2.2 கோடி மின்னஞ்சல்களை மீட்க, குடிமக்கள் அமைப்புகள் வழக்காட வேண்டியிருந்தது. அவை கண்டெடுக்கப்பட்ட செய்தி 2009 டிசம்பரில்தான் வந்தது. அழிப்பதால் மிச்சம் என்று கணக்குச் சொல்பவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ‘தகவல்’ எது என்று பட்டியலிடும்போதே மின்னஞ்சலையும் சேர்த்துத்தான் சொல்கிறது. கோப்புக் குறிப்புகளை அந்தச் சட்டத்திலிருந்து விலக்க 2006ல் மத்திய அரசு முயன்றபோது மக்கள் எதிர்த்துத் தடுத்தார்கள். அந்த எதிர்ப்பு இனி மின்னஞ்சலுக்கும் வேண்டும். உங்கள் நகராட்சியின் தளத்திலிருந்தோ ஒரு துறையின் தளத்திலிருந்தோ ஒரு பயனாளிகள் பட்டியல் திடீரென்று மறைந்தால், 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதுங்கள். பட்டியலை மட்டும் கேட்காதீர்கள். அதை நீக்கச் சொன்ன மின்னஞ்சலின் நகலையும் கேளுங்கள்.