பழைய நோட்டீசும் சரித்திரமே!

1641-ல் அயர்லாந்தில் கலகம் மூண்டபோது லண்டனில் அரசியல் பிரசுரங்கள் குவிந்தன. பிறர் படித்துவிட்டு எறிந்த அவ்வகைப் பிரசுரங்களை ஜார்ஜ் தாமசன் என்ற புத்தக வியாபாரி சேர்த்து வைத்தார். 1640 முதல் 1661 வரை சுமார் 22,000! இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் பொக்கிஷம்.

நம் கோட்டையூர் ரோஜா முத்தையாவும் நூல்களோடு நோட்டீசுகளையும் சேர்த்தவர்தான். 1992-ல் அவர் மறைந்தார். 1994-ல் அவர் பெயரால் சென்னையில் நூலகமே எழுந்தது. இதே புனேயில் ராஜ்வாடே 1910-ல் தொடங்கிய வரலாற்று ஆய்வு மண்டலம் மராத்தியரின் பழைய ஏடுகளைக் காக்கிறது.

கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் தலைமுறைகளாக வாழும் நம்மவரின் சங்க அழைப்பிதழ், தொழிற்சங்க நோட்டீஸ், நாடக விளம்பரம் எல்லாம் எங்கே? பழைய பேப்பர்காரரின் தராசில்! நாம் இங்கு உழைத்து வாழ்ந்ததற்குப் பிறகு சாட்சி ஏது?

தமிழ்ச் சங்கங்கள் ஓர் அலமாரி ஒதுக்கட்டும். பரணில் கிடப்பதைத் தேதி குறித்து அங்கே சேர்ப்போம்.