மகாராஜா உறங்கப் போய்விட்டார்!

காலேஜ் ஆண்டு விழா நாடகத்தில் எனக்குச் சேவகன் வேஷம். மொத்தமே மூன்று வசனம். 'மகாராஜா வருகிறார்', 'மகாராஜா வந்துவிட்டார்', 'மகாராஜா உறங்கப் போய்விட்டார்'. திரை விலகியது. கூட்டத்தைப் பார்த்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருவழியாகப் பிரித்தெடுத்து, நேராக மூன்றாவது வசனத்தைச் சொல்லிவிட்டேன். மகாராஜா அப்போதுதான் மீசையை அழுத்திக்கொண்டு உள்ளே நுழைகிறார்!

பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ப்ராம்ப்டர், "வருகிறார்டா... வருகிறார்!" என்று போட்ட கத்தல் கடைசி வரிசை வரை கேட்டது. அன்றைக்கு அதிகக் கைதட்டல் அவனுக்குத்தான்.

போகட்டும், அது யாரோ எழுதின வசனம். சொந்தக் கதையைச் சொல்ல மேடையேறிய ஒருவர் அதையே மறந்துபோய் நின்றார் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் டூமா குமாலோ. தென் ஆப்பிரிக்காக்காரர். 1984 செப்டம்பரில் ஷார்ப்வில்லில் நடந்த கலவரத்தில் துணை மேயர் ஒருவரைக் கூட்டம் கொன்றுவிட்டது. நிறவெறி அரசின் கோர்ட் ஆறு பேருக்குத் தூக்கு என்றது. அந்த ஆறில் குமாலோ ஒருவர். 'நீ அடித்தாயா, இல்லையா என்பது கேள்வியில்லை. கூட்டத்தின் நோக்கம்தான் உன் நோக்கமும்' என்பது தீர்ப்பின் சாரம். 1988 மார்ச் 18 காலை தூக்கு. 17-ம் தேதி தடை உத்தரவு வந்தது. உலகமே கொடுத்த குரலில் உயிர் தப்பி, 1991-ல் வெளியே வந்தார்.

1994-ல் நிறவெறி ஆட்சி ஒழிந்தது. ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 'உண்மை மற்றும் நல்லிணக்கக் கமிஷன்' அமைத்தார்கள். 1996 ஏப்ரலில் முதல் விசாரணை. அடிபட்டவர்கள் வந்து சொன்னார்கள். அடித்தவர்களும் வந்து சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த டூட்டுவே மேஜையில் தலை கவிழ்ந்து அழுதார்.

கமிஷன் முன்னால் எல்லோரும் போய்ச் சொல்லிவிட முடியுமா? பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பெயர் 'குலுமானி'. ஜூலு மொழியில் 'பேசுங்கள்' என்று அர்த்தம். அவர்கள் 1997-ல் போட்ட நாடகத்தின் பெயர், 'நான் சொல்லப்போகும் கதை'.

செட்டெல்லாம் பிரமாதமில்லை. ஒரு வேன் டாக்ஸி. நம்ம ஊர் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன். கமிஷன் விசாரணைக்குப் போகிற பிரயாணிகள் அதில். மன்னிக்கலாமா, ஜெயிலில் போடலாமா என்று வழியெல்லாம் வாக்குவாதம். சிலர் தொழில்முறை நடிகர்கள். மூன்று பேர் மட்டும் நடிகர்கள் இல்லை. தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வந்தவர்கள். குமாலோ ஒருவர். போலீஸ் காவலில் சீரழிக்கப்பட்ட ஒரு பெண் இன்னொருவர்.

மூன்றாமவர் காதரின் மிலாங்கேனி என்கிற அம்மா. அவர் மகன் வக்கீல். 1991-ல் பார்சலில் ஒரு வாக்மேன் வந்தது. காதில் மாட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினார். வெடித்துவிட்டது. வேறொருவருக்குக் குறிவைத்து அனுப்பிய வெடி அது. அந்தக் கதையை அந்தத் தாய் மேடையில் ஒவ்வொரு காட்சியிலும் சொன்னார்.

நாடகம் முடிந்தது என்று கைதட்டிவிட்டு எழுந்து ஓட முடியாது. அப்புறம்தான் பேச்சு. சபையில் இருப்பவர்கள் கேட்க, மேடையில் இருப்பவர்கள் பதில் சொல்ல, வேனுக்குள் நடந்த வாக்குவாதம் அரங்கத்துக்கு இறங்கி வந்துவிடும்.

இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு எழுதிய கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜ்தான் அந்த விஷயத்தைச் சொல்கிறார். தூக்குத் தண்டனைக் கைதியாக மூன்று வருஷம் இருந்தவர், அந்தக் கதையைச் சொல்லும்போது நடுவில் இடம் தவறிப்போய் நின்றுவிடுவாராம். தன் கதை எப்படி மறக்கும்? அந்த நிமிஷத்தில் அவர் அனுபவித்தவர் இல்லை, வசனத்தைத் தேடுகிற நடிகர் என்கிறார் கென்ட்ரிட்ஜ்.

எனக்கு வேறொன்று தோன்றியது. தூக்குக் கயிற்றை ஒரு மனிதர் அரை நிமிஷம் மறக்க முடிந்தது என்றால், மனசு ஆறுவது என்பது இப்படித்தான் ஆரம்பிக்குமோ?

இங்கேதான் எனக்குள் இருக்கிற பி.காம். தொண்டையைக் கனைக்கிறான். 'மனசு ஆறினது சரி ஸார், கணக்கு என்ன ஆச்சு?'

கணக்கு இதுதான். உண்மையை முழுசாகச் சொன்னால் பொதுமன்னிப்பு என்றார்கள். 7,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து, 849 பேருக்குக் கிடைத்தது. கிடைத்தவர் மேல் கேஸ் போட முடியாது. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குகூடப் போட முடியாது. அந்தப் பொறுப்பை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று பேச்சு.

1998-ல் கமிஷன் சிபாரிசு செய்தது: பாதிக்கப்பட்டவருக்கு ஆண்டுக்குச் சுமார் 17,000 முதல் 23,000 ரேண்ட் வரை, ஆறு ஆண்டுகளுக்கு. குறைந்தபட்சமாகப் பார்த்தாலும் ஒரு லட்சத்துக்கு மேல். ஐந்து வருஷம் உருண்டது. 2003-ல் அரசாங்கம் அறிவித்தது: ஒரே தடவை, 30,000 ரேண்ட். மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை!

மன்னிப்பு முதலில் பற்று ஆகிவிட்டது. வரவு பக்கம் பாக்கி. இந்தப் பேரேட்டை எந்த ஆடிட்டர் ஸார் கையெழுத்துப் போடுவார்?

'வாய்விட்டுச் சொன்னாயே, பாரம் இறங்கிற்றே, அதுவே பெரிய நிவாரணம்' என்று சொல்வது சுலபம். சொல்கிறவருக்கு அதில் செலவே இல்லை. பாரம் இறங்குவது வேறு. பாக்கி தீர்வது வேறு. நாடகம் முதலாவதைச் செய்யும். இரண்டாவதற்கு ரசீது போட முடியாது.

குமாலோவுக்கு முக்கியமாக இருந்தது காசு இல்லை. தான் குற்றவாளி இல்லை என்று சட்டப்படி எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். 2002-ல் இன்னொரு நாடகத்தில் மறுபடி தன் கதையைச் சொன்னார். 2006-ல் இறந்துபோனார். அந்தக் காகிதம் வரவேயில்லை.

குலுமானிக்காரர்கள் விடவில்லை. 2023-ன் பிற்பகுதியில் ஜோகன்னஸ்பர்க் அரசியல் சட்டக் கோர்ட் வாசலில் படுத்துவிட்டார்கள். பெரும்பாலும் வயசான அம்மாக்கள். வெயிலிலும் குளிரிலும் ராத்திரி பகலாக அங்கேயே. அவர்கள் புதுசாக எதுவும் கேட்கவில்லை. 1998-ல் எழுதிக் கொடுத்த வசனத்தை அரசாங்கத்துக்கு ஞாபகப்படுத்தினார்கள். அவ்வளவுதான்.

ப்ராம்ப்டர் கத்தினால் சபை சிரிக்கும். அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் அவன் மட்டும் கத்தாமல் இருந்திருந்தால், எங்கள் மகாராஜா இன்றைக்கும் உறங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்.