புளியமரத்துப் பேய் எங்கே போயிற்று?

"உச்சி வேளையில் புளியமரத்துப் பக்கம் போகாதே! பேய் பிடித்துக் கொள்ளும்!"

நம் பாட்டிமார்கள் இப்படித்தான் பேரப் பிள்ளைகளை மிரட்டினார்கள். இன்று பிள்ளைகள் இதைக் கேட்டால், "பேயாவது, பூதமாவது!" என்று சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். மூட நம்பிக்கை ஒழிய வேண்டியதுதான். ஆனால், அந்தப் பேய்க் கதை ஒரு நல்ல வேலையும் செய்து வந்தது. பேய்க்குப் பயந்து, மரத்தில் கோடரி வைக்க ஆட்கள் தயங்கினார்கள்!

பயம் ஒரு பக்கம். பக்தி மறு பக்கம். புதுவைக்கு வடக்கே, மரக்காணம் போகும் சாலையில் புத்துப்பட்டு இருக்கிறது. அங்கே அய்யனார் கோவிலைச் சுற்றி அடர்ந்த காடு. இந்தக் கடற்கரையில் முன்பு இருந்த காடுகளில் பெரும்பகுதி அழிந்து விட்டது. இது மட்டும் எப்படித் தப்பியது? அய்யனார் இரவில் குதிரை ஏறிக் காவல் சுற்றுகிறார் என்பது கிராமத்து நம்பிக்கை. அவர் காட்டில் கிளையை ஒடிக்க யாருக்குத் துணிவு வரும்?

இன்று பேய்ப் பயம் போய்விட்டது. நல்லது. அந்த இடத்தில் எதை வைத்தோம்? ஒன்றும் வைக்கவில்லை!

அமெரிக்காவில் டாக்டர் சூஸ் என்ற எழுத்தாளர் இருந்தார். 1971-ம் ஆண்டில் "லோராக்ஸ்" என்ற சிறுவர் கதையை எழுதினார். லோராக்ஸ் ஒரு கற்பனைப் பிராணி. குட்டை உருவம், பெரிய மீசை. அது யாரையும் மிரட்டுவது இல்லை. வாயில்லா மரங்களுக்காக வாதாடுகிறது. பேராசை பிடித்த வியாபாரி அதன் பேச்சைக் கேட்கவில்லை. கடைசி மரமும் சாய்கிறது. மிஞ்சியது ஒரே ஒரு விதை. அது ஒரு சிறுவன் கைக்கு வருகிறது.

நம்மிடம் இப்படி ஒரு பிராணி இல்லையா? ஏன் இல்லை! முருங்கை மரத்தில் தொங்கிய வேதாளம் இருக்கிறதே! விக்கிரமாதித்தனையே கேள்வி கேட்டு மடக்கிய வேதாளம் அது. "இந்த மரத்தை வெட்டினால் நான் எங்கே போவேன்? குருவி எங்கே போகும்?" என்று அது நம் பிள்ளைகளிடம் கேட்கட்டுமே!

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் அடித்தது. புதுவையில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. நிழல் போன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. புயலை நம்மால் தடுக்க முடியாது. கோடரியைத் தடுக்க முடியும்.

தாய்மார்களே! இன்று இரவு பிள்ளைகளுக்குப் புளியமரத்துப் பேயின் கதையைச் சொல்லுங்கள். ஆனால், மிரட்டாதீர்கள். அந்தப் பேய் மரத்தைக் காக்கும் தோழன் என்று சொல்லுங்கள். பயந்த பிள்ளை மரத்தை விட்டு ஓடும். பாசம் வைத்த பிள்ளை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும்!